குறி தப்பியது யாரால்? பழைய ஏர் ரைபிள்களின் குன்றாத ஈர்ப்பு

கோயில் திருவிழாவோ பொருட்காட்சியோ கடற்கரையோ, மக்கள் கூடும் இடம் எதுவாயினும் அங்கே பலூன் சுடும் கடை ஒன்று இருக்கும். பலகையில் வரிசை வரிசையாகக் கட்டிய வண்ணப் பலூன்கள், எதிரே ஒரு மேசை, மேசையின்மேல் பிடி தேய்ந்து பளபளக்கும் ஒரு துப்பாக்கி. சென்னை மெரினாவிலும் மும்பை ஜூஹுவிலும் காட்சி ஒன்றுதான். கடைக்காரர் குழலை நடுவே மடக்கிச் சிறு ஈயக்குண்டு ஒன்றைச் செருகி நிமிர்த்தித் தருவார். நாமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுடுவோம். குறிவைத்த பலூன் அப்படியே இருக்கும். பக்கத்துப் பலூன் வெடிக்கும். "துப்பாக்கி கோணல்" என்று நாம் சொல்ல, "கை ஆடுகிறது" என்று கடைக்காரர் சொல்ல, வழக்குத் தீராமலே துப்பாக்கி அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

சிரிப்போடு முடிந்துவிடும் இந்த வழக்கை மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. குறி தப்பியதற்குக் காரணம் கருவியா, கையா? கருவியின் பக்கமிருந்து எந்தப் பிழையும் எழாதவாறு செய்துவிட்டால், எஞ்சும் பிழை சுடுபவருடையது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும் அல்லவா? இவ்வாறு எண்ணிய பொறியாளர்கள் 1950களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை, ஜெர்மனியின் சில சிறிய, நடுத்தர நகரங்களில், இலக்குச் சுடுதலுக்கென்றே தனித்தன்மை வாய்ந்த காற்றுத் துப்பாக்கிகளைச் செய்தளித்தனர். அவை பெரும் போட்டிக் களங்களைவிட்டு நீங்கி நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் அவற்றைத் தேடி வாங்குவோரும், பழுது நீக்கிப் பேணுவோரும், ஓய்வு நாளில் பத்து மீட்டர் அளந்து இலக்கு அட்டையை நட்டுச் சுட்டு மகிழ்வோரும் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். நம் நாட்டிலும் உள்ளனர். அரை நூற்றாண்டு கடந்த ஒரு கருவியிடம் இவர்கள் காண்பது என்ன என்று அறியும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

சைக்கிள் பம்பும் சுருள்வில்லும்

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை வேகமாக அழுத்திப் பார்த்தவர்களுக்கு அதன் தத்துவம் எளிதில் விளங்கும். அடைபட்ட காற்று இறுகுகிறது; சூடாகிறது; விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறத் துடிக்கிறது. துப்பாக்கியில் விரலுக்குப் பதிலாக ஈயக்குண்டு. கைக்குப் பதிலாக வலிமை மிக்க ஒரு சுருள்வில். குழலை மடக்கும்போதோ பக்கவாட்டிலுள்ள நெம்புகோலை இழுக்கும்போதோ அந்தச் சுருள்வில் அமுங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் கொக்கி விடுபட, சுருள்வில் பிஸ்டனை முன்னே எறிய, பிஸ்டன் காற்றை அழுத்த, காற்று குண்டைத் தள்ளுகிறது. எல்லாம் ஏறத்தாழ ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

கேட்பதற்கு எளிமையாக இருப்பினும், துல்லியத்தைக் கெடுக்கும் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. கனத்த பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. அடுத்த கணம், இறுகிய காற்றில் மோதிப் பிஸ்டன் நிற்கும்போது துப்பாக்கி முன்னோக்கித் துள்ளுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு ஒரே உதைப்பு. சுருள்வில் துப்பாக்கிக்கோ இரண்டு, அதுவும் எதிரெதிர்த் திசைகளில். இவை நிகழும்போது குண்டு இன்னும் குழலைவிட்டு வெளியேறியிருக்காது என்பதுதான் கொடுமை. துப்பாக்கியை இறுகப் பற்றினால் குண்டு ஓரிடத்திலும், தளர்வாகப் பற்றினால் வேறோர் இடத்திலும் படும். பலூன் கடை வழக்கில் இரு தரப்பும் உண்மையே பேசின என்று இப்போது தெரிகிறது.

பலூனுக்கு இது போதும். போட்டி இலக்குக்குப் போதாது. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியின் இன்றைய இலக்கில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர், நடுவிலுள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அப்புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். கணக்குப் பார்ப்பதில் விருப்பமுள்ள வாசகர்கள் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம்: முன்னும் பின்னுமுள்ள குறிநோக்கிகளுக்கு இடையே முக்கால் மீட்டர் தொலைவு என்று கொண்டால், முன்முனை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு விலகினாலே பத்து போய்விடும். இதற்குள் இரண்டு உதைப்புகளுக்கு இடமேது?

ஒரே வினா, மூன்று விடைகள்

இந்த உதைப்பை ஒழித்த கதையில் நாடு இழந்தவர்களும் தொழில் இழந்தவர்களும் வருகின்றனர். துரிஞ்சியா பகுதியிலுள்ள ட்ஸெல்லா மேலிஸ் என்ற ஊர் ஒரு காலத்தில் துப்பாக்கித் தொழிலின் தாயகம். அன்ஷுட்ஸ், வால்தர், வைராவ் ஆகிய மூன்று நிறுவனங்களும் அங்கு வளர்ந்தவையே. 1945இல் போர் முடிந்தபோது அப்பகுதி சோவியத் ஆட்சியின்கீழ் வந்தது. தொழிற்கூடங்களைக் கைவிட்டு மேற்கே வந்த குடும்பங்களில் அன்ஷுட்ஸும் வால்தரும் உல்ம் நகரிலும், வைராவ் மெல்ரிக்‌ஸ்டாட்டிலும் மீண்டும் தொடங்கின. தெற்கே, நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டார்ஃபில் இருந்த புகழ்பெற்ற மௌசர் ஆலையைப் பிரெஞ்சுப் படையினர் பிரித்தெடுத்துவிட்டனர். அங்குப் பணியாற்றிய கார்ல் வெஸ்டிங்கர், எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கர் என்ற இரு பொறியாளர்கள் 1940களின் இறுதியில் ஃபைன்வெர்க்பாவ் என்ற சிறு பட்டறையை நிறுவினர். நுண்பொறி அமைப்பு என்பதே அப்பெயரின் பொருள். ராஸ்டாட்டில் 1890 முதல் இயங்கிய டயானா நிறுவனத்தின் இயந்திரங்களோ, போர் இழப்பீடாகப் பிரிட்டன் போய்ச் சேர்ந்தன.

தோற்ற நாட்டுக்குப் படைக்கலன் செய்ய அனுமதி இல்லை. சில ஆண்டுகளுக்குப்பின் காற்றுத் துப்பாக்கி செய்யலாம் என்று தடை தளர்ந்தது. பெரிய துப்பாக்கிகளில் பழகிய கைகள் அத்தனை திறனையும் இச்சிறு கருவியில் இறக்கின. (வால்தர் நிறுவனம் அலுவலகங்களுக்கான கணக்கிடும் இயந்திரங்களையும் செய்து விற்றது என்பது வங்கி இதழின் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். பிழையற்ற கூட்டலும் பிழையற்ற குறியும் ஒரே கூரையின்கீழ்!)

உதைப்பை வெல்ல முதலில் எல்லோரும் நாடிய வழி எடை. வைராவின் எச்டபிள்யூ 55, வால்தரின் எல்ஜிவி ஆகியவை அவ்வகை. கனத்த குழல், கனத்த கட்டை, மென்மையாகச் சரிசெய்த சுருள்வில். உதைப்பு அங்கு ஒழியவில்லை, அடங்கியது. வெற்றி முழுமையானதன்று என்றாலும், இன்றும் இவ்விரண்டையும் மற்றவற்றைவிட மிகுதியாக விரும்புவோர் இருக்கின்றனர். குழலை மடக்கித் திறக்கும் அந்தப் பழைய எளிமை அவற்றில் அப்படியே உள்ளது.

டயானா வேறு வழியில் சென்றது. கூர்ட் கிஸ் என்ற பொறியாளரின் அமைப்பைக் கொண்டு, ஒன்றுக்குப் பதில் இரண்டு பிஸ்டன்களை வைத்தனர். ஒன்று முன்னே பாயும்போது மற்றது அதே நொடியில் பின்னே பாயும். பற்சக்கரம் இரண்டையும் பிணைத்து இயக்கும். இரண்டு உதைப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, துப்பாக்கி தோளில் அசையாமல் கிடக்கும். எண்ணும்போதே மனம் மகிழும் தீர்வு இது. ஆனால் பழுது பார்க்கப் பிரித்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். பற்சக்கரத்தில் ஒரு பல் தவறிப் பூட்டினாலும் இரு பிஸ்டன்களின் ஒத்திசைவு போய்விடும்.

அன்ஷுட்ஸின் 250 என்ற மாதிரியில் எண்ணெய் நிரம்பிய தணிப்பி ஒன்று உதைப்பை உள்வாங்கிக்கொண்டது. மேடுபள்ளத்தில் ஓடும் ஸ்கூட்டரின் ஷாக் அப்சார்பரை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் காலத்தை வென்று நின்றது ஃபைன்வெர்க்பாவின் தீர்வே. 1960களின் தொடக்கத்தில் வந்த 150, அதன்பின் வந்த 300, 300 எஸ் ஆகியவற்றில் குழலும் பிஸ்டன் அறையும் மரக்கட்டையோடு இறுகப் பிணைக்கப்படவில்லை. அவை சிறு தண்டவாளம் போன்ற தடத்தின்மேல் அமர்ந்துள்ளன. நெம்புகோலை இழுக்கும்போது பூட்டிக்கொள்ளும் அவ்வமைப்பு, விசை விடுபடும் அதே கணத்தில் பூட்டு நீங்கி, தடத்தின்மேல் சற்றே பின்னோக்கி நழுவுகிறது. உதைப்பு அந்த நழுவலிலேயே செலவாகிவிட, மரக்கட்டையும் அதைத் தாங்கும் தோளும் ஒன்றையும் உணர்வதில்லை. உதைப்பை எதிர்த்து நிற்காமல் அதற்கு வழிவிட்ட தீர்வு இது என்பதால், மூன்றிலும் இதுவே சிறந்தது என்பது எங்கள் எண்ணம். பீரங்கியின் குழல் சுட்டவுடன் பின்னோடி மீள்வதைப் படங்களில் பார்த்திருக்கிறோம். அதே தத்துவம் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஒரு விளையாட்டுக் கருவிக்குள் வந்து அமர்ந்துவிட்டது.

விரல் நுனியில் ஒரு தேர்வு

புனேயில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வீட்டில் இத்தகைய 300 எஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. எடை முதலில் வியப்பளிக்கிறது. பலூன் கடைத் துப்பாக்கியின் நினைவோடு தூக்கினால் கை தாழ்ந்துவிடும். வாதுமை மரக்கட்டையில் கன்னம் படும் இடம் பல ஆண்டுப் பழக்கத்தால் கறுத்து வழவழப்பாக இருந்தது. வலப்புற நெம்புகோலை இழுக்கப் பெரிய வலிமை தேவைப்படவில்லை. ஆனால் இறுதியில் கொக்கி மாட்டும் ஓசையில் தயக்கமே இல்லை. நல்ல பெட்டியின் பூட்டு விழுவதைப் போன்ற ஓசை அது.

பின்புறக் குறிநோக்கி ஒரு சிறு துளை. அதன்வழியே பார்த்தால் முன்முனையில் ஒரு வளையம் தெரியும். அவ்வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டத்துக்குள் வட்டம். நடுவைத் தேடுவதில் மனிதக் கண்ணுக்கு இயற்கையாகவே உள்ள திறனைப் பயன்படுத்தும் அமைப்பு இது. லென்ஸ் இல்லை, பெரிதாக்கிக் காட்டும் கருவி ஏதும் இல்லை. இருபுறமுள்ள திருகுகளைத் திருப்பினால் ஒவ்வொரு சொடுக்குக்கும் குறி அணுவளவு நகரும்.

விசையின் கனத்தை நூறு கிராம் அளவுக்குக் குறைக்கலாம். ஒரு சிறிய வாழைப்பழத்தின் எடை. விரல் தொட்டதும் விசை முதற்கட்டம் நகர்ந்து ஓர் இடத்தில் நிற்கும். அங்கே சுடுபவர் காத்திருக்கிறார். மூச்சு பாதி வெளியேறியிருக்கும். நெஞ்சின் துடிப்புக்கேற்ப வளையம் மெல்ல ஆடுவதும் தெரியும். ஆட்டம் அடங்கும் ஒரு கணத்தில், விரல் இழுத்ததா எண்ணம் இழுத்ததா என்று பிரித்தறிய முடியாதபடி, குண்டு போய்விடுகிறது. 'டக்' என்ற ஓசை, குறிநோக்கி கண்ணை நோக்கிச் சற்றே நகர்ந்து நிற்கிறது, தோளில் ஒன்றுமில்லை. தட்டையான முகம் கொண்ட ஈயக்குண்டு, காகிதத்தில் பஞ்ச் செய்தாற்போல் வட்டமாகத் துளையிட்டிருந்தது. எங்கள் துளை ஏழில். வீட்டுக்காரர் நாற்காலியில் அமர்ந்து, மேசைமேல் மணல்பை வைத்துத் துப்பாக்கியைத் தாங்கியபடி ஐந்து குண்டுகள் சுட்டார். அட்டையில் ஐந்து துளைகளைத் தேடினோம். ஒரே துளை, சற்றே கிழிந்த விளிம்போடு.

பலூன் கடை வழக்குக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை. கருவி ஒரே இடத்தில்தான் அடிக்கிறது. நம் ஏழு நம்முடையது.

இத்துப்பாக்கிகளிடம் சிலர் மனம் பறிகொடுப்பதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறோம். சாக்குச் சொல்ல இடம்தராத கருவி அது. ஆனால் கடிந்துகொள்ளாத கருவியும்கூட. குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. இலக்கை எட்ட ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு ஆகிறது. விசை இழுத்தபின்னும் ஒரு கணம் அசையாமல் இருக்கத் தெரியாதவர்களை இந்தச் சிறு தாமதம் காட்டிக்கொடுத்துவிடும். புதியவர்களுக்குப் பழைய சுருள்வில் துப்பாக்கியில் பயிற்சி தொடங்குவது நல்லது என்று கருதும் பயிற்றுநர்கள் சுட்டும் காரணமும் அதுதான்.

காலாவதித் தேதி இல்லாத கருவி

1966இல் வீஸ்பாடனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஏர் ரைபிள் முதன்முறையாக இடம்பெற்றது. 1984இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. ஆனால் ஒலிம்பிக் வாயில் திறந்த அதே காலத்தில் சுருள்வில்லின் நாள்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. சுருள்வில்லே இல்லாமல், நெம்புகோலின் ஒரே வீச்சில் காற்றை அழுத்திச் சேமித்து வைக்கும் எல்ஜிஆர் என்ற மாதிரியை வால்தர் 1970களின் நடுப்பகுதியிலேயே கொண்டுவந்திருந்தது. பாயும் பிஸ்டன் இல்லாவிட்டால் உதைப்பும் இல்லை. 1980களில் ஃபைன்வெர்க்பாவும் 600 என்ற மாதிரியோடு அவ்வழிக்கே வந்தது. பிறகு, முன்கூட்டியே உயர் அழுத்தக் காற்று நிரப்பிய உருளையைக் குழலுக்குக் கீழே பொருத்தும் முறை வந்து, இன்றுவரை அதுவே ஆட்சி செய்கிறது.

புதியவை மேலானவை என்பதில் ஐயமில்லை. குண்டு குழலில் செலவிடும் நேரம் குறைவு. நெம்புகோலை இழுக்கும் அலுப்பில்லை. உடலமைப்புக்கேற்ப ஒவ்வோர் உறுப்பையும் நகர்த்திக்கொள்ளலாம். பதக்கம் நாடுபவர் பழையதைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குச் செல்வது அறிவுடைமை ஆகாது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய துப்பாக்கியின் காற்றுருளைக்கு உற்பத்தியாளர் குறித்த பயன்பாட்டுக் காலம் உண்டு. அக்காலம் கடந்த உருளையோடு பன்னாட்டுப் போட்டியில் கலந்துகொள்ள இயலாது. உருளையை நிரப்ப உயர் அழுத்தப் பம்போ பெரிய கொள்கலனோ வேண்டும். பழைய சுருள்வில் துப்பாக்கிக்கோ வேண்டுவது ஒரு கை, ஒரு டப்பா ஈயக்குண்டு, பத்து மீட்டர் இடம். மின்சாரம் வேண்டாம், நிரப்ப எதுவும் வேண்டாம். காற்று எங்கும் இருக்கிறது.

தேய்வதையெல்லாம் மாற்றவும் முடிகிறது. சுருள்வில், வாஷர், வழிகாட்டிக் குழாய் ஆகியவற்றைப் புதிதாகச் செய்து விற்போர் இன்றும் உள்ளனர். குழலோ எளிதில் தேய்வதில்லை. மென்மையான ஈயம் எஃகை அவ்வளவாக அரிப்பதில்லை. தாத்தா சுட்ட துப்பாக்கியில் பேத்தி பத்து அடிக்க இயலும் என்பது வெறும் பேச்சன்று.

நம் நாட்டில்

1951இல் நம் தேசியத் துப்பாக்கிச் சுடுதல் சங்கம் தோன்றியபோது மக்களவையின் முதல் தலைவரான கணேஷ் வாசுதேவ் மாவலங்கர் அதன் முதல் தலைவராக இருந்தார். அவர் பெயரில் நடக்கும் போட்டி இன்றும் இளையோருக்கு முக்கியமான படிக்கட்டு. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் அஞ்சலி பாகவத் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றை எட்டியதும், 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றதும், 2012இல் ககன் நாரங் வெண்கலம் பெற்றதும் இவ்விளையாட்டைச் சிற்றூர்களுக்கும் கொண்டுசென்றன. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றபோது, தமிழ் வீடுகளிலும் ஏர் ரைபிள் என்ற சொல் பழகிப்போயிற்று.

ஆர்வம் பெருகியது, கருவியின் விலை இறங்கவில்லை. இறக்குமதியாகும் புதிய போட்டித் துப்பாக்கி ஒன்றின் விலை எளிதில் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். மாவட்டச் சங்கங்களில் ஓரிரு துப்பாக்கிகளை இருபது பேர் முறைவைத்துச் சுடுவது அரிய காட்சியன்று. பழைய துப்பாக்கிகள் நினைவுப்பொருள் என்ற நிலையைக் கடந்து இங்கே உயிர் பெறுகின்றன. நன்கு பேணிய 300 எஸ் ஒன்று, தொடக்கநிலைப் பயிற்சிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை, வேண்டாம் என்பதே. அரிய சில மாதிரிகளுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை கிடைக்கலாம். ஆயினும் இறக்குமதிக்கு அனுமதி, சுங்கம், பழுது நீக்கும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் வைப்புநிதியே மேல். பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கலாமா என்ற வினாவும் எழக்கூடும். பெட்டகத்தில் படைக்கலன் எதையும் வைக்க இயலாது, இடமும் போதாது.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், 4.5 மில்லிமீட்டர் விட்டத்தையும் 20 ஜூல் ஆற்றலையும் எல்லையாக வகுத்துள்ளன. இவற்றைக் கடந்தால் உரிமம் வேண்டும். நாம் பேசும் பழைய போட்டித் துப்பாக்கிகள் இவ்வெல்லைக்கு வெகுவாகக் கீழே உள்ளவை. ஜெர்மனியில் விற்ற பலவற்றின் ஆற்றல் 7.5 ஜூலுக்கு மிகாது. 1970 முதல் அங்கு விற்றவற்றில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். முக்கால் கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றல்தான் அது. எனினும் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். வாங்குமுன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் நடைமுறையைக் கேட்டறிவது நல்லது. பறவைகளைச் சுடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வேட்டைத் தேவதையின் பெயரைத் தாங்கிய டயானா நிறுவனத்தின் முத்திரையிலேயே அத்தேவதை வில்லையும் அம்பையும் எறிந்துவிட்டுத் துப்பாக்கியை உயர்த்தி நிற்பாள் என்பது உண்மைதான். நம் கையிலுள்ள கருவிக்கு உரிய இலக்கு காகிதம் மட்டுமே.

பேணும் முறை

பழைய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தால், முதலில் செய்ய வேண்டியது அதைச் சுடாமல் இருப்பது. 1960, 70களில் செய்த பல ஜெர்மானியத் துப்பாக்கிகளில் அன்றைய புதுமையான செயற்கைப் பொருளாலான வாஷர்கள் உள்ளே உள்ளன. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அவை காலப்போக்கில் தாமே சிதைந்து, பழைய மெழுகைப் போல் உதிர்ந்துவிடுகின்றன. உறையிலிருந்து எடுக்காத புத்தம்புதுத் துப்பாக்கிக்கும் இதே கதிதான். வெளியே பளபளப்பு, உள்ளே தூள். வாஷர் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் எஃகோடு எஃகாக மோதிச் சேதமடையும். குண்டு போடாமல் வெறுமனே விசையை இழுப்பதும் இதே காரணத்தால் தகாது. காற்று மெத்தை அமைய எதிரே ஒரு தடை வேண்டும்.

தோல் வாஷர் உள்ளவை நெடுநாள் வாழ்பவை. அவ்வப்போது உரிய எண்ணெயில் ஓரிரு துளி போதும். தையல் இயந்திர எண்ணெயை ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. காற்றறையில் அதை ஒருபோதும் விடலாகாது. அழுத்தத்தின் சூட்டில் அந்த எண்ணெய் டீசல் என்ஜினில் நிகழ்வதைப்போல் பற்றிக்கொள்ளும். புகையும் பேரோசையும் எழுந்து, வாஷர் கிழிந்து, சுருள்வில்லும் முறியக்கூடும். ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. சுருள்வில்லை அமுக்கிய நிலையில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டிய அலமாரியே அதற்கு இடம். குண்டு டப்பாவுக்கு வேறொரு பூட்டு.

புனே பொறியாளர் 1980களில் மாநில அளவிலான போட்டிகளில் பங்கேற்றவர். இப்போது தோள்வலியால் நின்றுகொண்டு சுட இயலவில்லை. துப்பாக்கியை என்ன செய்வது என்பது ஓராண்டாக அவர் வீட்டில் நடந்த பேச்சு. சேகரிப்பாளர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டாராம். கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்ப்பேன் என்று அவர் சொன்னது இவருக்கு ஒப்பவில்லை. "ஐந்து ஆண்டு சும்மா கிடந்தால் உள்ளே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்" என்றார். மகனோ, விற்றுவிடுங்கள் அப்பா, அந்தப் பணத்தில் கண் அறுவைச் சிகிச்சையை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொருளில்லாமல் இல்லை. குறிநோக்கியின் வளையம் இப்போது அவருக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. எங்கள் முன்னே சுட்ட ஐந்து குண்டுகளும் மணல்பையின் துணையால் ஒன்று சேர்ந்தவை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

முடிவில் அவர் அருகிலுள்ள ஒரு சுடுதல் மையத்தோடு பேசி முடித்திருக்கிறார். துப்பாக்கி அவருடையதாகவே இருக்கும். சுடுவது அங்குள்ள பிள்ளைகள். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே: ஆண்டுக்கொரு முறை பிரித்து வாஷரைப் பார்ப்பது அவர் மேசையில், அவர் கையால் நடக்க வேண்டும். மையத்தின் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டு, கூடவே இரண்டு பிள்ளைகளை அனுப்புவதாகவும் அவர்களுக்கு அந்த வேலையைக் கற்றுத்தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். நாங்கள் விடைபெற்றபோது மேசைமேல் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் வெளிநாட்டு அஞ்சல்தலை ஒட்டிய ஒரு சிறு உறை. உள்ளே இரண்டு வாஷர்கள். ஒன்று இந்த ஆண்டுக்கு, மற்றது கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் தவறாகப் பூட்டிக் கெடுப்பதற்கு என்றார்.